காதில் மாட்டிய பதவி

கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டைப் பிடித்தபடியே, "பாறைக்குப் பின்னால் போங்க ஹவில்தார்" என்றாள் இசக்கியம்மாள். எங்கோ எல்லையில் ஒரு பனிமலையில் அவளுடைய ஆட்கள் நகர்ந்தார்கள். பி.எஸ்சி. மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டே அவள் லெப்டினன்ட். காதில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கருவி, அவ்வளவுதான் பட்டாளம்.

பக்கத்தில் நின்ற ஜெபராணிக்கு வயிறு எரிந்தது. இருவரும் ஒன்றாகத்தான் பட்டாளத் தேர்வுக்குப் போனார்கள். இன்றைக்கும் ரெக்கார்டு நோட்டை இசக்கி இவளைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். ஆனால் பிரின்சிபால் எழுந்து நிற்பது அவளுக்கு. பீக்கர் கழுவச் சொல்வது இவளிடம்.

பிப்பெட்டிலிருந்து கன்னத்தில் அமிலம் தெறித்ததும் இசக்கி கருவியைக் கழற்றினாள். "இதைக் கொஞ்சம் பிடிடி" என்று கைக்குட்டையைக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள்.

ஜெபராணி அதை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

"மேடம், மேலே பனி வெடிக்குது, சரிஞ்சிரும் போல. கீழே இறங்கிரட்டுமா மேடம்?"

அவளுடைய அப்பா வயதுக் குரல். யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. 'மேடம்' தவிர வேறெதுவும் மனதில் ஏறவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது.

"அங்கேயே இருங்க" என்றாள், இசக்கியின் அதே அதட்டலோடு.

"சரி மேடம்."

தேனாக இனித்தது.

முகத்தைத் துடைத்தபடி வந்த இசக்கி கருவியை வாங்கி மாட்டிக்கொண்டாள். "ஹவில்தார்?" என்றாள். காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள்.

யாரும் சொல்லாமலே, ஜெபராணி பீக்கர்களைக் கழுவத் தொடங்கினாள்.