திரும்பியவன்

“போலீஸ் தேடிய திருடன் பெயர் பழமலை. கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இவன் திரும்பினான். திருடன் என்று நம்பித்தான் ஸ்டேஷனில் அடித்தார்கள். திரும்பியது இவன் தப்பு. சர்க்கார் ஏன் நஷ்டஈடு தரவேண்டும்?”

விருத்தாசலம் கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் கேட்டார். பீங்கான் ஆலைத் தொழிலாளி பழமலை, விரல் மடங்காத வலது கையோடு நின்றிருந்தான்.

இடைவேளையில், வராந்தாவிலிருந்து அவன் அம்மா கொளஞ்சியம்மாள் குரல் கொடுத்தாள்.

“பழமலை, டீ ஆறிப்போவுது!”

“என்னம்மா?” என்று சட்டெனத் திரும்பினார் சர்க்கார் வக்கீல்.

“உங்கள இல்லீங்க, எம்புள்ளயக் கூப்புட்டேன். உங்க பேரும் பழமலைங்களா?”

அவர் மெல்லத் தலையசைத்தார்.

“அப்ப பாத்துப் போங்கய்யா. ரோட்டுல யாராச்சும் கூப்புட்டா திரும்பிடாதீங்க.”