ஜீரோ பில்

"கரண்ட்டு பில்லு ஜீரோன்னா சும்மாவா வரும் தம்பி? அதுக்கு ஒரு கட்டுப்பாடு வோணும்!"

எண்ணூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள் குணசுந்தரி. எதிரே இளைஞர் மன்றச் செயலாளர் அசோகன். மன்றம் நடத்திய மின்சாரச் சிக்கனப் போட்டியில் அவளுக்குத்தான் முதல் பரிசு. கீழே விசாரித்தபோது, இங்கேதான் இருப்பாள் என்று இந்த வீட்டைக் கைகாட்டினார்கள்.

பரிசு, கரண்ட்டைக் குறைவாக இழுக்கும் புது ஃபேன். அட்டைப்பெட்டியோடு அவன் மடியில் இருந்தது. அதன் மேலிருந்து அவள் கண்ணை எடுக்கவேயில்லை.

தலைக்கு மேல் பழைய ஃபேன் முனகியது. டிவியில் சீரியல். மூலையில் வாஷிங் மெஷின் உறுமியது. அசோகனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இவ்ளோ ஓடியும் ஜீரோவாம்மா? மீட்டரு கீட்டரு பூடுச்சா? கமிட்டில கேட்டா நான்தானே பதில் சொல்லணும். எப்படின்னு சொன்னாத்தான் பரிசு."

"மீட்டரு சோக்கா கீது. ரூமை வுட்டு வெளிய வந்தா சுச்சை அமுக்கிடுவேன். துணி அலசுன தண்ணிலதான் வாசல் கழுவுவேன். ஊருக்குப் போனா மெயினையே ஆஃப் பண்ணிட்டுத்தான் ரயிலு ஏறுவேன்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ கண்ணு, தம்பிக்கு ஜில்லுனு எதுனா குடு!"

சமையலறையிலிருந்து ஜெஸ்லின் வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து மோரை எடுத்து நீட்டினாள். முகம் மட்டும் கடுகடுவென்றிருந்தது.

அசோகன் ஒரே மடக்கில் குடித்தான். "இதே மாடியில பன்னெண்டாம் நம்பர் வீடுதான் போட்டில கடைசி. பில்லு எகிறிக்கினு போவுது. அவங்களுக்கும் நாலு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லு. நானும் டெய்லி சொல்லிகினுதான் கீறேன்."

"அது எந்த வீடும்மா?"

"இதுதான் சார்," என்றாள் ஜெஸ்லின். "அக்கா வூடு எதிர்ல. காலையில பூட்டிட்டு இங்க வந்தா, படுக்கத்தான் அங்க போவாங்க. மெஷின்ல சுத்துறதும் அவங்க துணிதான்."

அசோகன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

குணசுந்தரி அசரவில்லை. எழுந்து அதைப் பிடுங்கி ஜெஸ்லின் கையில் வைத்தாள்.

"இந்தா, மொதல்ல இத்த மாட்டு. உன் பழைய ஃபேனு கரண்ட்டையும் துன்னுது, காத்தும் பத்தல. நாள் முச்சூடும் இங்க ஒக்கார எனுக்குப் பேஜாரா கீது!"