பெயர் சொல்லாத ஆள்

"மறுபடியும் எழுதிட்டான் அந்தப் பாவி!"

நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் விபெக்கேயின் அறைக்குள் வந்து நின்றார் பிரேபென். பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரத் துறைக்குத் தலைவர் அவர். இருபது வருஷமாக விபெக்கே அவருக்குச் சக பேராசிரியர்.

"தெரியும்," என்றார் விபெக்கே. தூங்கி ரொம்ப நாளானவரின் குரல். மேஜையில் கறுப்பு ரொட்டி கடிக்கப்படாமலே காய்ந்துகொண்டிருந்தது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் கருத்து எழுதக்கூடிய இணையதளம் ஒன்று உண்டு. அதில் யாரோ இரண்டு மாதமாக விபெக்கேயின் கட்டுரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் குடைந்துகொண்டிருந்தார்கள்.

அது சாதாரணக் கட்டுரையாக இருந்தால் பிரேபென் பொருட்படுத்தியிருக்க மாட்டார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே நடக்கிற முதியவர்கள் தடுக்கி விழுவது பாதியாகக் குறைகிறது என்று சொன்ன கட்டுரை. உலகம் முழுக்க நாலாயிரம் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிவிட்டன. துறையில் மற்ற எல்லாரும் எழுதியதற்குக் கிடைத்த மேற்கோள்களைக் கூட்டினாலும் அதில் கால்வாசி தேறாது.

வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. துறை தனியாக நிற்குமா, மருத்துவத் துறைக்குள் கரைந்துபோகுமா என்பது அந்த நாலாயிரத்தை நம்பித்தான் இருந்தது.

"என்ன சொல்றான் கேளு. நடந்தவங்களுக்கு ஒண்ணு, நடக்காதவங்களுக்கு ரெண்டுன்னு குறியீடு போடணுமாம். நாம மாத்திப் போட்டுட்டோமாம். அப்போ நடந்தவங்கதான் அதிகமா விழுந்திருக்காங்கன்னு ஆகுது. திமிரைப் பாரேன்!"

"ஒருவேளை அப்படி இருந்தா?"

"ஆரம்பிச்சுட்டியா நீ!" பிரேபெனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விபெக்கே நாட்டின் மேற்குக் கடற்கரைக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் தங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ராஜ விருந்து வைத்துவிட்டு, மீன் கொஞ்சம் கருகிவிட்டது என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு விருது கொடுத்தபோது விபெக்கே மேடையேறி, "இதுல கணக்கு தப்பா இருக்கும்னு எனக்குத் தோணுது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. துணைவேந்தருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

காபிக் கோப்பையோடு தாழ்வாரத்தில் போன யெப்பே கதவருகே நின்றான். துறையின் புள்ளியியல்காரன்.

"யாருன்னு தெரிஞ்சுதா? எனக்கென்னவோ பக்கத்து நாட்டு ஸ்வீடன்காரன் எவனோ செஞ்ச வேலைன்னு தோணுது."

"ஸ்வீடன்காரனா இருந்தா முதல்ல அதுக்கு ஒரு கமிட்டி போட்டிருப்பான்," என்றார் பிரேபென். "எழுதி முடிக்க ஆறு வருஷம் ஆகியிருக்கும். நீ போய் வேலையைப் பாரு."

யெப்பே சிரித்துக்கொண்டே நகர்ந்தான். விபெக்கே சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மழை பனியாக மாறத் தொடங்கியிருந்தது.

"முதியோர் இல்லங்கள்ல இன்னும் நடக்கக் கூட்டிட்டுப் போறாங்களா, இந்தப் பனியில?"

"போகாம? பாதி நாட்டுல உன் கட்டுரைதான் சட்டம் மாதிரி. சாப்பிட்ட கையோட கோட்டை மாட்டி வெளிய கூட்டிட்டுப் போயிடறாங்க. வேற எந்த ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?"

விபெக்கே காய்ந்த ரொட்டியைத் தட்டோடு தள்ளி வைத்தார். பிரேபெனுக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், எவனோ ஒருத்தன் கல்லெறிந்தே இவரை இப்படி உருக்குலைத்துவிட்டானே.

கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"மறுப்பு நானே எழுதிட்டேன். குறியீடெல்லாம் சரியா இருக்கு, கட்டுரையில ஒரு தப்பும் இல்லேன்னு நாலு வரி. நீ கையெழுத்துப் போட்டா கட்டுரை வந்த பத்திரிகைக்கு இன்னிக்கே அனுப்பிடலாம். வியாழக்கிழமை குழு வரும்போது இந்தப் பேச்சே இருக்காது."

விபெக்கே தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். பேனாவை எடுத்தார். அப்புறம் மூடியைக் கழற்றாமலே ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்?"

"தப்பு இருக்கு, பிரேபென்."

"ஐயோ, இந்த அடக்கத்தையெல்லாம் வியாழக்கிழமைக்கு அப்புறம் வெச்சுக்கக் கூடாதா?" பிரேபெனின் குரல் உயர்ந்தது. "முப்பது பேர் வேலை இதுல தொங்குது. உன்னைச் சொல்லியும் பிரயோஜனமில்லே. எல்லாம் அவனாலதான் வந்தது. இருட்டுல ஒளிஞ்சுக்கிட்டு எழுதறான் கோழை! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். தைரியம் இருந்தா சொந்தப் பேர்ல சொல்ல வேண்டியதுதானேன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்."

விபெக்கே கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"சொந்தப் பேர்லதான் முதல்ல சொன்னேன். நீங்க யாரும் நம்பலியே."