கடல்மட்டத்துக்கு மேலே

பெண் பார்க்க வந்த இடத்தில், கேசரி சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும், மாப்பிள்ளை வீட்டார் உயரம் அளக்கக் கூட்டி வந்திருந்த சற்குணாவைத்தான் பார்த்தார்கள். புவியியலில் எம்.ஏ. முடித்தவர்களுக்கு இப்போது ஜோசியர்களைவிடக் கிராக்கி. கடல்மட்டத்துக்கு மேலே இரண்டு மீட்டராவது இல்லாத வீட்டோடு நாகப்பட்டினத்தில் யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை.

"நாளைக்குத் தண்ணி வந்துச்சுன்னா குடும்பத்தோட நம்ம வீட்டுலல்ல வந்து நிப்பாங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

கூடத்துத் தரையில் வைத்த உயரமானிக் கருவி ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் காட்டியது. சற்குணா மூன்று தடவை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். அதே ஒன்று புள்ளி இரண்டு. இந்த மாதம் மட்டும் அவள் வாயால் நின்றுபோன கல்யாணங்கள் நான்கு. அடுக்களை வாசலில் பட்டுப்புடவையோடு நின்ற பெண்ணுக்கு முப்பத்தொரு வயது. அவளும் சற்குணாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு புள்ளி மூணு," என்றாள் சற்குணா.

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். அதற்கு மேல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கருவியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது பெண்ணின் அப்பா பின்னாலேயே ஓடிவந்தார்.

"வயித்துல பாலை வார்த்தீங்கம்மா. பயந்துபோயி, கல்யாணம் முடிஞ்சதும் நானும் இவ அம்மாவும் திருச்சிப் பக்கம் போயிரலாம்னு வீடெல்லாம் பாத்து வச்சிருந்தோம். வேண்டாம்னு இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னேன். இனிமே மழைன்னாலும் இங்கேயே நிம்மதியாத் தூங்குவோம்."