ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா?

"இன்னைக்கு என்னத்தைப் பார்க்கணும் தம்பி?" என்று கேட்டபடி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார் கார்க்காரர்.

டிரைவர் சாவியைத் திருகினான். "ஏசி சார். நல்ல வெயில்ல போனாத்தான் அதோட லட்சணம் தெரியும்."

"சீட்டை விட்டுட்டீங்களே மாப்பிள்ளை" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் மாமனார். "போன தடவை ஏதோ முதுகுல குத்துச்சு. நிஜமாவே குத்துச்சா, நான்தான் கோணலா உட்கார்ந்தேனான்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கணும்."

கார்க்காரர் சிரித்தார். டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தக் காரை வாங்கும் உத்தேசம் அவனுக்குக் கொஞ்சமும் கிடையாது.

வாடகைக்கு எடுத்து டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். பெட்ரோல் விலை ஏற ஏற, நாளெல்லாம் ஓட்டியும் கையில் எதுவும் நிற்கவில்லை. ஒருநாள் சாவியை முதலாளி மேஜையிலேயே வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தான். மாமனாருக்கோ வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஆட்டோக்காரர்கள் சொல்லும் கட்டணத்தைக் கேட்டாலே மூச்சு முட்டியது. பஸ் மாறிப் போக அவர் உடம்பு இடம் கொடுக்காது. ஒரே ஒரு தடவை போகாமல் இருந்ததற்குக் கால் வீங்கி, மூச்சு இரைத்து, வீடே ஆடிப்போய்விட்டது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வளாகத்தில் இந்தக் கார் கண்ணில் பட்டது. பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா சார்? எங்க சந்துக்குள்ள நுழையுமான்னு தெரியணும். மாமாவும் பின்னால உட்கார்ந்து பார்க்கட்டும்."

நுழைந்தது. அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது மேடு ஏறுமா என்று பார்த்தார்கள். அதற்கடுத்து மழையில் ஒழுகுமா என்று. போன் செய்தால் போதும், கார்க்காரர் வாசலில் வந்து நிற்பார். ஓட்டும்போது பின்னால் மறைக்கும் என்று அட்டையைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுவார். ஆஸ்பத்திரிக்குள் நிறுத்தியதும் முதல் வேலையாக மறுபடி மாட்டுவார்.

அன்று போகும் வழியில் பெட்ரோல் பங்க்கில் வரிசை தெருவரை நீண்டிருந்தது.

"தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள மறுபடியும் ஏத்திட்டானுங்க!" என்று கத்தினான் வேன் ஓட்டுகிறவன். "இனிமே வண்டியைத் தள்ளிக்கிட்டேதான் போகணும்."

"தள்ளுறதுக்கும் தெம்பு வேணுமில்ல? அதுக்கு யார் சோறு போடுவா?" என்றான் மோட்டார் சைக்கிளில் இருந்தவன்.

பெட்ரோல் போடும் பெண் திரும்பிப் பார்த்தாள். "என்கிட்ட கத்தி என்ன ஆகப்போவுது அண்ணே? நானே சைக்கிள்லதான் வர்றேன்."

வேன்காரன் காரைச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தான். "வண்டி கச்சிதமா இருக்கே. விக்கிற மாதிரி இருந்தா சொல்லுங்க சார். இப்பவே முடிச்சுக்கலாம்."

டிரைவர் சட்டென்று கார்க்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

"இல்லப்பா" என்று அவனைக் காட்டினார் கார்க்காரர். "தம்பி பார்த்துக்கிட்டிருக்கார்."

டிரைவர் ஏசி பொத்தானையே உற்றுப் பார்த்தான். டேங்க் நிறைந்ததும் சட்டைப் பையைத் தடவினான். "சார், பெட்ரோலுக்காவது நான்..."

"நீங்க வாங்குற வரைக்கும் பெட்ரோல் என்னுது. அதான் முறை."

ஆஸ்பத்திரி வந்து இறங்கும்போது மாமனார் டிரைவர் காதில் கிசுகிசுத்தார்: "உண்மையைச் சொல்லிடுங்க மாப்பிள்ளை. நல்ல மனுஷனை இதுக்கு மேல ஏமாத்தினா எனக்கு ரத்தம் சுத்தமாகாது."

அவரை உள்ளே படுக்க வைத்து, மெஷின் ஓடத் தொடங்கியதும் டிரைவர் வெளியே வந்தான். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் கோத்துக்கொண்டே படி இறங்கினான். சொன்ன பிறகு மாமாவை எப்படி வீட்டுக்குக் கூட்டிப் போவது, அடுத்த தடவைக்கு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

கார்ப் பக்கத்தில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். வெளுத்த முகத்தோடு ஓர் அம்மா, முழங்கையில் புதிய பிளாஸ்திரி. அவளைத் தாங்கிப் பிடித்தபடி மகன்.

"வண்டி நல்லா ஓடுமா சார்?" என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "வீடு வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா? அம்மாவும் பின்னால உட்கார்ந்து பார்க்கட்டும்."

"தாராளமா" என்றார் கார்க்காரர். டிரைவரைப் பார்த்ததும் கையசைத்தார். "மாமாவுக்கு முடியறதுக்குள்ள வந்துடறேன் தம்பி. நீங்க பதறாதீங்க."

கதவுகள் சாத்தப்பட்டன. டிரைவர் பதறிக்கொண்டு கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் ஓடினான்.

"அண்ணே, இந்த ஆள் வாங்கிடுவானா? கார் வித்துப்போயிடுமா?"

வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "விக்கிற காரா அது? அவர் சம்சாரத்துக்கும் இங்கதான் டயாலிசிஸ். அவங்க போய்ச் சேர்ந்த பிறகும் மனுஷன் வர்றதை நிறுத்தலை."

"அப்போ அந்த அட்டை?"

கார் அவர்களைத் தாண்டி வெளியே போனது. பின் கண்ணாடி வெறுமையாக இருந்தது.

"இந்தக் கேட்டுக்கு வெளியே" என்றார் வாட்ச்மேன், "அந்த அட்டையை நீ எங்கேயாவது பார்த்திருக்கியா தம்பி?"