நிழல் சாயும் பக்கம்

"இத உங்க சம்சாரம் போடலீங்க. வேற யாரோ போட்டுத் தர்றாங்க" என்றார் டிராயிங் மாஸ்டர் ஜெயவேல்.

லோகநாதனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆரணிக் கடைத்தெருவில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்பதால் நிறைய ஆள். பெண் என்று இருந்தவள் அவன் மனைவி தெய்வநாயகி ஒருத்திதான். எல்லாப் பென்சிலும் நின்றுவிட்டது.

மாஸ்டர் அவளைவிட இளையவர். கூச்சத்தோடுதான் பேசினார். "பரீட்சைக்கு நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அதான் உங்கள வரச் சொன்னேன். பாருங்க, இது இங்க போட்டது. இது ஊட்லேர்ந்து வந்தது."

வகுப்பில் போட்ட குடம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வீட்டிலிருந்து வந்ததோ அவர்கள் தெருவேதான். வீட்டு வரிசை தூரம் போகப் போகச் சிறுத்தது. நெசவுக்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய பாவின் பட்டு இழைகள் கோடியில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. பிறந்தது முதல் பாவோடு கிடப்பவன் லோகநாதன். தொட்டால் நூல் தட்டுப்படும் போலிருந்தது அவனுக்கு.

"நிழலுக்குப் போட்ட கோட்டப் பாருங்க. இங்க போட்டது ஒரு பக்கம் சாயுது, ஊட்ல போட்டது எதிர்ப்பக்கம் சாயுது. கையே வேறங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

டிராயிங் டீச்சர் ஆக வேண்டும் என்று அவள் கேட்டபோது, கூட்டி வந்து சேர்த்தவனே அவன்தான். அன்றிலிருந்து தீப்பெட்டி, டம்ளர், முக்காலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வைத்து வரைந்து பழகினாள். முதலில் முக்காலி அந்தரத்தில் தொங்கியது. அப்புறம் மெல்ல மெல்லத் தரையில் நின்றது.

ஆனால் அவள் வரைந்து அவன் பார்த்ததே இல்லை. இப்போதுதான் அது உறைத்தது. முதலாளி வீட்டுத் தறியிலிருந்து அவன் திரும்பி வந்தால் போதும், சட்டென்று பென்சிலை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள்?

"இங்கயே போடட்டும் சார்" என்றான்.

ஸ்டூல் மேல் குடத்தை வைத்தார்கள். அவள் வரைந்தாள். குடத்தின் வாய் கோணிக்கொண்டு போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் கோணல். எல்லோரும் அவள் கையையே பார்க்க, அவள் நிமிரவே இல்லை.

லோகநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. "என் சம்சாரம் டீச்சர் ஆவப்போறான்னு தெருவெல்லாம் சொல்லிகினு இருந்தேனே! எவன்டி போட்டுக் குடுக்கிறான்?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப அந்தக் கை யாருதுடி?"

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலீங்க" என்று மாஸ்டர் பதறினார். லோகநாதன் காதில் அது ஏறவில்லை. அடிக்கப் போகிறவன் போல ஓரடி முன்னால் வந்து நின்றான்.

தெய்வநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். பென்சிலை இடது கைக்கு மாற்றினாள்.

ஒரே இழுப்பு. சாய்த்துப் பிடித்த வளையல் போலக் குடத்தின் வாய் திறந்தது. அடுத்த இழுப்பில் கழுத்து, அதற்கடுத்து வயிறு. பிறகு நிழல். கோடுகள் கடகடவென்று எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து விழ விழ, தாளைவிட்டுக் குடம் உருண்டு வெளியே வந்தது.

பென்சில் கை மாறியபோதே லோகநாதனின் தலை தொங்கிவிட்டது. தன் கால் விரல்களைத் தவிர வேறெதையும் அவனால் பார்க்க முடியவில்லை.

"இவ்ளோ நல்லா வருதே! இங்க ஏம்மா இந்தக் கையால போடல?" என்று கேட்டார் மாஸ்டர்.

அவள் மாஸ்டரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல, உங்க பங்காளிங்களுக்குச் சோறு வெக்கிறப்ப, பந்தி நடுவுல வெச்சு அடிச்சீங்களே, அந்தக் கைதாங்க இது."