புள்ளி விழாத குட்டி

1912 மாசி மாதம் முக்கூடலில் நாய் வளர்க்கும் பலவேசத்தின் வெள்ளை வேட்டைப் பெட்டை ஏழு குட்டிகள் ஈன்றது. ஏழும் வெள்ளை. ஒன்றின் மேலும் ஒரு புள்ளி கிடையாது.

முப்பதாம் நாள் காலையில் பாளையங்கோட்டைக் கோர்ட்டு குமாஸ்தா காந்திமதிநாதன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஐந்து வயது மகள் கோமு. இறங்கியதும் ஓடிப்போய்க் குட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

“வீட்ல அவளுக்கு இது ஏழாம் மாசம், வே. நான் கோர்ட்டுக்குப் போயிட்டா துணைக்கு ஆளில்லை. காவலுக்கு நல்லதா ஒண்ணு பாத்துக் கொடும்.”

“என் நாய் குலைச்சா அக்கரையில நிக்கிற திருடன் வேட்டியைப் போட்டுட்டு ஓடுவான், ஐயா” என்றான் பலவேசம்.

ஆனாலும் சோதிக்காமல் அவன் குட்டி கொடுப்பதில்லை. குட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று, வெண்கலக் கும்பாவைக் கல்லில் ஓங்கி அடித்தான். ஆறு குட்டிகள் துள்ளிச் சிதறின. வண்டி மாடுகூட மிரண்டு மூக்கணாங்கயிற்றை இழுத்தது.

ஒன்று மட்டும் கோமுவின் மடியில் கிடந்து அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுபடியும் அடித்தான். அது சப்புவதை நிறுத்தவில்லை.

ஏழிலும் லட்சணம் அதுதான்.

“தாயி, அதை இங்கன கொண்டா.”

பிள்ளை அசையவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த சாக்கை எடுத்து உதறினான்.

“சாக்கு எதுக்கு, வே?”

“அது செவிடு, ஐயா. காவலுக்கும் ஆகாது, வேட்டைக்கும் ஆகாது. ஆத்துல விட்டுட்டு வந்துருதேன். பிள்ளையைப் பைய அங்கன கூட்டிட்டுப் போங்க.”

காந்திமதிநாதன் மகளின் தோளைத் தொட்டார். அப்போதுதான் அவள் திரும்பினாள். குட்டியைக் கீழே விடும்படி அவர் கையால் காட்டினார். அவள் அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, சொல்லாக இல்லாத ஒரு சத்தம் போட்டாள்.

பலவேசத்தின் கையிலிருந்த சாக்கு தாழ்ந்தது.

“பொறவியிலயேவா, ஐயா?”

“பொறவியிலயேதான். பாக்காத வைத்தியன் இல்லை. என்ன சாமி குத்தமோன்னு பாபநாசத்துல மூணு தடவை முழுகியாச்சு.” அவர் சாக்கைப் பார்த்தார். “அந்தக் குட்டியையே கொடும். சாக்கைத் தூரப் போடும்.”

பலவேசம் சாக்கைச் சுருட்டி வேலிப் பக்கம் எறிந்தான். அந்த மனிதருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“பிள்ளை விஷயம் சாமி விட்ட வழி, ஐயா. ஆனா இந்தக் குட்டி இப்படிப் பொறந்ததுக்குச் சாமி மேல பழி போட முடியாது. நான் செஞ்ச வேலை. வெள்ளை கெட்டுரக் கூடாதுன்னு, இந்தப் பெட்டையோட ஆத்தாகூடப் பொறந்த கடுவனையே அதுக்குச் சேத்தேன். ஒரே ரத்தத்தைச் சேக்காதலே, செவிடு விழும்னு எங்க அப்பன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான் மதிக்கலை.”

காந்திமதிநாதன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த ஈத்து எப்படி இருக்கும், வே?”

“அதே கடுவன்னா அதுலயும் ஒண்ணு ரெண்டு இப்படித்தான் விழும். இனி சேப்பனா? செஞ்ச பாவம் போதும்.”

குமாஸ்தா வண்டிச் சக்கரத்தை எட்டிப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. வெயில் ஆகவில்லையோ என்று பலவேசம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவர் வாங்கவில்லை.

“என் அக்கா மகளைத்தான், வே, நான் கட்டியிருக்கேன்.”